கணிதத்துக்கு ஆள் இருக்கிறது

அப்பாவின் இராஜினாமாக் கடிதம் இரண்டு முறை எழுதப்பட்டது. இரண்டாவது பிரதிதான் கல்வி அலுவலகத்துக்குப் போனது. முதலாவது என்னால் கெட்டுப்போனது. அது இப்போது என்னிடம் இருக்கிறது. திகதி போடாமல் அப்பா ஒரு துண்டுத் தாள்கூட எழுதியவரல்ல. ஆனால் எல்லாம் எழுதி, கையெழுத்தும் வைத்த பிறகே திகதி போடுவது அவர் வழக்கம். அதற்குள் நான் கை வைத்துவிட்டதால் இந்தத் தாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

அது ஒரு புதன்கிழமை என்கிறாள் அக்கா. நான் வியாழன் என்கிறேன். அந்த வாரத் திங்கட்கிழமை பேராதனைப் பல் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அதன் சீட்டு இன்னும் இருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கஞ்சிதான். கடிதம் எழுதிய காலையில் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். ஆகவே வியாழன். அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று உனக்குக் கொடுத்தது ரொட்டியல்ல, பாலில் ஊறவைத்த பாண் என்கிறாள். அவளுக்கு அன்றைய வேறு எதுவும் நினைவில் இல்லை என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் ஆண்டில் படித்தேன். அக்கா பதினோராம் ஆண்டு; அந்த மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அப்பா பதினாறு வருடம் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடமும் அதுதான்.

அப்பா கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்கள் இருவரும் அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். அந்தத் தோட்டப் பிரிவிலிருந்து உயர்தரத்தில் கணிதம் படித்துச் சித்தியடைந்த முதல் ஆள் அவர்தான். கொட்டகலையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, தான் படித்த தோட்டப் பாடசாலைக்கே திரும்பி வந்தார். மழைக்காலத்தில் வருகிற ஆசிரியர்கள் வெயில் காலத்துக்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிற பள்ளிக்கூடம் அது. பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றம் கேட்காத ஒரே ஆசிரியர் என்ற பெருமை அப்பாவுக்கு உண்டு. கேட்காதவருக்கு மாற்றம் தானாக வந்தது, தேர்தல் வழியாக.

மாகாண சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சியின் ஆட்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் அப்பா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை கேட்டது கட்சியல்ல, பிள்ளைகளைப் பெற்றவர்கள். பாடசாலை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. விஞ்ஞானத்துக்கு ஆளில்லை, ஆங்கிலத்துக்கு ஆளில்லை, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் கணிதத்துக்கும் ஆளில்லை என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கொழுந்துக் காட்டிலிருந்து நேரே வந்திருந்த ஓர் அம்மா எழுந்து நின்று சொன்னார்:

"மாஸ்டர், பேசாம நீங்க மாகாண சபைக்குப் போங்க. நீங்க போனாத்தான் மத்த மாஸ்டர்மாருங்க வருவாங்க."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். இருக்கிற ஒரே கணித மாஸ்டரை அனுப்பிவிட்டால் மாஸ்டர்கள் வருவார்கள் என்ற அந்தக் கணக்கில் இருந்த பிழை அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. கணித மாஸ்டருக்கும் தெரியவில்லை.

சித்தப்பாதான் தேர்தல் வேலையெல்லாம் பார்த்தார். அவர் கலஹா பஸாரில் வானொலி திருத்துபவர், பேச்சுக்குக் குறைவில்லை. வாக்குச்சீட்டில் அப்பாவுக்குக் கிடைத்த விருப்பு இலக்கத்தை மூன்று மலைகளுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லித் திரிந்தார். அப்பா வென்றார். முதல் நாள் பல்லேகலைக்குச் சபைக் கூட்டத்துக்குப் போனபோதுகூட அவர் எப்போதும்போல கலஹாவில் பஸ் ஏறி, பேராதனையில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத்தான் போனார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த சித்தப்பா, அப்பாவின் கன்னிப் பேச்சை அம்மாவுக்கு நடித்துக் காட்டினார். அப்பா எழுந்து நின்றாராம், ஆனால் பேசவில்லையாம். பின்வரிசையில் இரண்டு உறுப்பினர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அவர்கள் வாயை மூடும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"அண்ணன் எங்க பேசுனாரு அண்ணி, பாடமில்ல எடுத்தாரு. நல்ல வேளை, ஹோம்வேர்க் குடுக்கல" என்றார் சித்தப்பா.

அந்தப் பேச்சு மலையகப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர் வேண்டும் என்பதைப் பற்றியது. அதற்கு அடுத்த பேச்சும், அதற்கு அடுத்ததும் அதைப் பற்றியவைதான்.

வீட்டில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. காலையில் ஆறரை பஸ்ஸுக்கு முன்னால் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், மகனுக்குக் கண்டியில் வேலைக்கு ஒரு கடிதம். அப்பா மேசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதுவார். அவர்கள் கொண்டுவந்த மனுவில் பிழை இருந்தால் சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு, பிறகு நினைவு வந்து நீலத்தை எடுப்பார். கையெழுத்து வைத்ததும் தாளை என் பக்கம் தள்ளுவார். நான் சீல் குத்துவேன். கண்டியில் செய்வித்த சீல். மூன்று மொழியிலும் அப்பாவின் பெயரும் பதவியும் இருக்கும். கையெழுத்தின் வால்மேல் கொஞ்சம் ஏறி விழவேண்டும், சரியக்கூடாது, மை திரளக்கூடாது. அதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். வாசலில் நின்றவர்கள் என்னைச் "சின்ன மெம்பர்" என்றார்கள். அப்பாவைப் பழைய ஆட்கள் மாஸ்டர் என்றும், கடிதத்துக்கு வந்தவர்கள் மெம்பர் ஐயா என்றும் கூப்பிட்டார்கள்.

அதே நேரம் மேலே பள்ளிக்கூடத்தில் கணிதப் பாடம் நின்றுபோயிருந்தது. சைவசமயம் படிப்பிக்கும் மிஸ் பதினோராம் ஆண்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பழைய வினாத்தாளிலிருந்து கேள்விகளைக் கொப்பியில் அழகாக எழுதி, அடிக்கோடும் இட்டு, விடைக்கு இடம் விட்டு மூடிவைப்பார்கள். அக்காவின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். தாள் தாளாக இடம்.

சனிக்கிழமைகளில் அக்காவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அப்பா முயன்றார். வாசலில் ஆள் வந்து வந்து அது துண்டு துண்டாகப் போனது. இரண்டாவது மாதத்தில் அக்காவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"என்னைய மட்டும் பாஸ் பண்ண வச்சிட்டீங்கன்னா மத்த புள்ளைங்க மூஞ்சியில நான் எப்படிப்பா முழிக்கிறது? அவங்க அப்பா அம்மாதானே உங்களுக்கு ஓட்டுப் போட்டாங்க."

அப்பா, அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன், கட்டாயம் ஆள் வரும் என்றார்.

"நீங்க அங்க பேசிக்கிட்டே இருக்கீங்க. எங்க கிளாஸ்லதான் யாருமே பேசுறதில்ல" என்றாள் அக்கா.

அம்மா அவளை அதட்டினார். கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்குப் போக முடியாது. போகாத பெண்பிள்ளை கொழும்பில் யாரோ வீட்டுக்கோ, கண்டியில் யாரோ கடைக்கோ வேலைக்குப் போய்விடுவாள். அந்த வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

முதலாம் தவணை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா ஒரு கட்டுத் தாளோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. அவர் கேட்டுக் கேட்டுக் கடைசியில் எடுத்த பட்டியல் அது: எந்தெந்தத் தோட்டப் பாடசாலையில் கணிதத்துக்கு வெற்றிடம் உண்டு என்ற பட்டியல். புதிய ஆசிரியர்களை அதைப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். அக்கா தாள்களை வாங்கி விரலால் கோடு கோடாக இறங்கினாள். கடைசித் தாள்வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"அப்பா, நம்ம ஸ்கூல் இதுல இல்லையே."

டைப் செய்தவர்கள் விட்டிருப்பார்கள் என்றார் அப்பா. திங்கட்கிழமை எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அப்படியே கல்விக் கந்தோருக்கும் போய்வரலாம் என்று முடிவாயிற்று.

கல்விக் கந்தோருக்கு நான் போனபோது வாயில் பஞ்சு, ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்தது. வாய் பேச முடியாததால்தானோ என்னவோ, அங்கே பேசியது முழுக்க எனக்கு நினைவிருக்கிறது. அக்குறணையிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு மிஸ், ஆசிரியர்களின் கோவைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்து, கதிரை இழுத்துப் போட்டார்.

"சேர் ஒரு போன் கோல் எடுத்தீந்தா நானே பார்த்துச் சொல்லீப்பனே. புள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்தீக்கிறீங்க, பாவம்."

"பரவாயில்ல மிஸ். லிஸ்ட்ல எங்க ஸ்கூல் விடுபட்டிருக்கு. அதச் சேர்த்துட்டாப் போதும்."

அவர் கணினியைப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்துப் பார்த்தார்.

"விடுபடல்ல சேர். உங்கட ஸ்கூல்ல மெத்ஸுக்கு எடம் ஒண்டு. ஆள் ஒண்டு ஈக்கி. சரியாத்தானே ஈக்கி."

"ஆளா? யாரு மிஸ்?"

அந்த மிஸ் கோவையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"நீங்கதான் சேர்."

அப்பா கோவையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சம்பளமில்லாத லீவுலதானே சபைக்குப் போயீக்கிறீங்க. வேலைய விட்டுப் போகல்லயே. நீங்க திரும்பி வாற வரைக்கும் அந்த எடம் உங்களுக்குத்தான். வேற ஆள் போட ஏலா."

"நான் வர இன்னும் மூணு வருசத்துக்கு மேல ஆகும் மிஸ். அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு?"

"அதத்தான் சேர் நாங்களும் சொல்ற. சேர் மாதிரி ஆக்கள்தான் சபையில பேசணும்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மனப்பூர்வமாகவே சொன்னார். அப்பா சிரித்தார். எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் விடை பிழைத்த ஒரு கணக்கை யாராவது கரும்பலகையில் போட்டுவிட்டால் வகுப்பில் அப்படித்தான் சிரிப்பாராம், அக்கா சொல்லியிருக்கிறாள்.

பேராதனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு ஓர் ஐஸ்கிறீம் வாங்கினார். பல் பிடுங்கிய வாய்க்கு நல்லது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வாங்கியவர் அதை என்னிடம் தரவில்லை. கையில் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் வரவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பஸ் வந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். ஐஸ்கிறீம் மணிக்கட்டுவரை வழிந்து அவருடைய கடிகாரப் பட்டிக்குள் போனது. நான் அழுதேன். எனக்கு அன்றைய பெரிய இழப்பு அதுதான்.

செவ்வாயும் புதனும் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டார்கள். அம்மா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவர். ஆனாலும் எங்கள் வீட்டுச் சுவர் பலகை.

"சபைய விட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போயிருங்களேன்" என்றார் அம்மா.

"ஓட்டுப் போட்ட சனத்துக்கிட்ட என்னன்னு சொல்றது? எங்க புள்ளை கிளாஸுக்கு மட்டும் நான் போறேன், மத்த ஸ்கூல் எப்படியோ போகட்டும்னா? லிஸ்ட்டப் பார்த்தீல்ல, எத்தன ஸ்கூலு."

"சபை அஞ்சு வருசங்க. மாஸ்டர் வேல அறுவது வயசு வரைக்கும். அதுக்கப்புறமும் பென்சன். எத விடுறோம்னு தெரியுதா உங்களுக்கு?"

"நான் அங்க பேர வச்சிக்கிட்டு இருக்கறதுனாலதான் அங்க ஆள் வரல. அந்த எடத்துல நான் படுத்துக் கெடக்கிறேன். எந்திரிச்சாத்தான் இன்னொருத்தர் உக்கார முடியும்."

"எந்திரிச்சா பெறகு உக்காரவே முடியாதுங்க."

இதற்கு அப்பா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அம்மா, சரி, தவணை முடியட்டும், பார்ப்போம் என்றும், அப்பா சரி என்றும் சொன்னதாக அம்மாவின் கணக்கு. ஆகவே வியாழன் காலை அவர் அடுப்படியில் நிம்மதியாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அப்பா வழக்கத்துக்கு முன்பே மேசைக்கு வந்திருந்தார். வாசலில் ஒரு பெரியவர் மட்டும் வந்து நின்றிருந்தார். அப்பா எழுதிக்கொண்டிருந்தது வேறு தாள். பெயரும் பதவியும் அச்சடித்த மெம்பர் தாள் அல்ல, கோடு போட்ட முழுத்தாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் மிக மெதுவாக, கரும்பலகையில் எழுதுவதுபோல எழுத்தெழுத்தாக எழுதினார். கையெழுத்து வைத்தார். வாசலில் நின்றவர் ஏதோ கேட்கவே, எழுந்து போனார்.

நான் ரொட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மைப்பெட்டியைத் திறந்து, சீலை ஒற்றி, கையெழுத்தின் வால்மேல் குத்தினேன். அதுவரை நான் குத்தியவற்றில் மிகச் சுத்தமாக விழுந்தது அதுதான். மூன்று மொழியும் தெளிவாக இருந்தன. அப்பா திரும்பி வந்ததும் பாராட்டுவார் என்று தாளைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயோ பாப்பா."

அவர் கோபப்படவில்லை. தாளை வாங்கி, சீலின்மேல் ஊதினார், அது காய்ந்தால் போய்விடும் என்பதுபோல.

"இது மெம்பர் எழுதுற கடிதம் இல்லம்மா. மாஸ்டர் எழுதுறது. மாஸ்டருக்கு ஏது சீல்?"

என் பதவியில் நான் செய்த முதல் பிழை. வாய்விட்டு அழுதேன். அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார். தாளை எட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் பார்த்தது அப்பாவையல்ல, என்னை. என் தலையில் கை வைத்தார்.

"கடவுளே பார்த்துத்தான் புள்ள கையால இதக் கெடுத்திருக்கு. இத்தோட விட்டுருங்க. இன்னொரு தாள் எடுக்காதீங்க."

அழுகைக்கு நடுவே எனக்கு அது புரியவில்லை. கெடுத்ததற்கு அடி விழும் என்று நினைத்தால், அம்மா தலையைத் தடவுகிறார். அப்பா கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் இருந்த வெற்றுத் தாள்களைப் பார்த்தார், எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் கையில் மீதி ரொட்டி ஆறிப்போனது தெரியும்.

"மெம்பர் ஐயா, ஆறரை பஸ் வந்துருமுங்க" என்றார் வாசலில் நின்றவர்.

அப்போது அக்கா உள்ளிருந்து வந்தாள். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், தோளில் பை. அவளுக்கு எதுவும் தெரியாது. நான் அழுவதைப் பார்த்து, "இவளுக்கு என்னா ஆச்சு? பல்லு வலியா?" என்றாள். அம்மா என் கண்ணைத் துடைத்தார். "சரி, நான் போயிட்டு வர்றேன்பா. இன்னைக்கு மொதப் பாடமே மெத்ஸு. பிந்திப் போனாலும் கேக்க ஆளில்ல" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் கற்படி இறங்கி முடிப்பதற்குள் அப்பா புதுத் தாளை எடுத்துவிட்டார். இரண்டாவதை அவர் பேனையைத் தூக்காமல் எழுதியதாக அம்மா சொல்வார். நான் சீலை அதன் பெட்டியில் வைத்து மூடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் என் கவலை எல்லாம் நாளைக்கும் என்னைச் சீல் குத்த விடுவார்களா என்பதுதான்.

விட்டார்கள். இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் குத்தினேன். பிறகு சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இதோ வருகிறது என்றார்கள். சித்தப்பா ஒலிபெருக்கியைத் திருத்தித் துடைத்து வைத்தார். தேர்தல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அப்பா கலஹா பஸாரில் ஒரு கடையின் மேல்மாடியில் டியூஷன் வகுப்பு வைத்தார். வாடகைக்கு எடுத்த அந்த அறையில் பின்வரிசைப் பிள்ளை பேசினால் பேசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். சபையே இல்லாத காலத்திலும் ஆட்கள் அவரை மெம்பர் என்றே கூப்பிட்டார்கள்.

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம் அவர் இறந்தார். சந்தியில் கட்டுகிற துணிப் பதாகைக்கு என்ன எழுதுவது என்று சித்தப்பா வந்து கேட்டார். முன்னாள் மாகாண சபை உறுப்பினர் என்று முதலில் எழுதினோம். அதற்குக் கீழே ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று போடச் சொன்னாள் அக்கா. போட முடியாது என்றேன் நான். அவர் ஓய்வு பெறவில்லை. எனக்குத் திகதிகள் தெரியும். அந்த நேரத்திலும் நான் அப்படிப் பேசினேன். உள்ளே இருந்த அம்மா, "மாஸ்டர்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றார். கெட்டுப்போன கடிதத்தை அவர் அலுமாரித் தட்டில் விரித்த பத்திரிகைத் தாளுக்கு அடியில் வைத்திருந்தார். எட்டாம் நாள் எடுத்து என்னிடம் தந்தார்.

ஆனால் நான் எழுத வந்தது கடிதத்தோடு முடியவில்லை. அந்த வருடம் இரண்டாம் தவணை தொடங்கிய முதல் வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் வந்துவிட்டார். கடிதம் போன கொஞ்ச நாளில் காகிதத்தில் இடம் காலியாகியிருந்தது. காலியானதும் பட்டியலில் ஏறியது. ஏறியதும் ஆள் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் சேர். மார்கழியில் அக்கா கணிதம் சித்தியடைந்தாள். அவளுடைய வகுப்பில் பலர் சித்தியடைந்தார்கள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சேர் வந்த மூன்றாவது நாள், அதாவது புதன்கிழமை (இதில் அக்காவுக்கும் எனக்கும் தகராறில்லை), வகுப்புக் கரும்பலகைக்கு வெண்கட்டி எடுக்க என்னைப் பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு அனுப்பினார்கள். போனால் அங்கே அப்பா நிற்கிறார். அன்று சபை இல்லை. சபைக்குப் போடுகிற கோட் இல்லை, வெள்ளைச் சட்டையும் பழைய சாம்பல் காற்சட்டையும் போட்டிருந்தார். சப்பாத்தில் ஒற்றையடிப் பாதையின் சேறு. என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெரிய சந்தோஷம்.

அறை வாசலில் ஒரு சின்ன மேசை உண்டு. ஆசிரியர்கள் காலையில் வந்து கையெழுத்து வைக்கிற வரவுப் புத்தகம் அதில் திறந்து கிடந்தது. அப்பா அதிபரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, அதைப் பார்க்காமலே, நூலில் கட்டிய பேனையை எடுத்துக் குனிந்துவிட்டார். பதினாறு வருடம் குனிந்த இடம். அதிபர் அவசரமாக எழுந்து வந்தார்.

"மெம்பர்... அது இல்லீங்க. இந்தாங்க, இது."

வரவுப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வெளியாட்கள் வந்தால் எழுதுகிற புத்தகத்தை முன்னால் நகர்த்தினார். அப்பா "ஓ, ஆமா, ஆமா" என்றார். திகதி எழுதினார். பெயர் எழுதினார். விலாசம் எழுதினார். வந்த நேரம் பத்து இருபது. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. வந்த காரணம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே இடுப்பளவு மறைப்புத்தான். பதினோராம் ஆண்டிலிருந்து புதுச் சேரின் குரல் முழுக்கக் கேட்டது.

"இது விளங்குதோ பிள்ளையள்? விளங்கினா ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ, நான் திருப்பிச் சொல்லுறன்."

"ஓம்!" என்று வகுப்பு முழுக்க அவரைப்போலவே இழுத்துச் சொல்லி, சிரித்தது. சேரும் சிரித்தார். சிரிப்புக்குள் அக்காவின் குரல் தனியாகக் கேட்டது. பிறகு வெண்கட்டி கரும்பலகையில் ஓடுகிற சத்தம்.

அப்பா குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அதிபர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கையில் எடுத்திருந்த வெண்கட்டிப் பெட்டி எனக்குக் கனத்தது. போகப் பிந்தினால் மிஸ் ஏசுவார். பெரியவர்கள் ஒரு சின்னக் கட்டத்தை நிரப்ப ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது.

"சும்மா வந்தேன்னு எழுதுங்கப்பா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து, நான் சொன்னபடியே அந்தக் கட்டத்தில் எழுதினார். வகுப்புப் பக்கம் போகாமல், அங்கேயே நின்று, போன நேரத்தையும் எழுதினார். பத்து இருபத்தைந்து.

அப்பா எழுத முடியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற பெருமையோடு நான் வெண்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.